குடல், மனம், அதிகாரம்: சில சந்தேகங்கள்

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது கவிஞரான நண்பர் ஒருவர் சொன்னார்: "தோழர், இனிமே கவிதையில 'நான்'னு எழுதறது விஞ்ஞானபூர்வமாவே தப்பு. 'நாங்க'ன்னுதான் எழுதணும். ஒடம்புல இருக்கிற பத்து செல்லுல ஒம்பது பாக்டீரியாவோடது. நாம கோவப்படறதும் அழறதும்கூடக் குடல்ல இருக்கிற அதுங்க சொல்லித்தான்." சுற்றி நின்றவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். தன்னிலை என்பது ஒருமையானதல்ல, சிதறுண்டது, வெளியிலிருந்து கட்டமைக்கப்படுவது என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதிக்கொண்டும் வசவு வாங்கிக்கொண்டும் இருப்பவன் நான். நாம் சொல்லிவந்ததை ஆய்வுக்கூடமே நிரூபித்துவிட்டது என்றால் கசக்குமா என்ன?

கசக்கவில்லை என்பதுதான் என் சந்தேகத்துக்குக் காரணம். நமக்கு இவ்வளவு தோதாக வந்துசேரும் ஒரு உண்மையைக் கொஞ்சம் திருப்பிப்போட்டுப் பார்க்க வேண்டாமா? நுண்ணுயிரியலில் எனக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. படித்தது தமிழ் எம்.ஏ. ஆனால் ஒரு வாக்கியத்தில் வினைமுதல் யார், செயப்படுபொருள் எது என்று கேட்கும் பழக்கம் இலக்கணம் படித்தவனுக்கு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. 'குடல் மனத்தை ஆட்டுகிறது' என்பதும் ஒரு வாக்கியம்தான். அதன் எழுவாய் இடத்தில் குடலை உட்காரவைத்தது யார், எப்போது, எதற்காக என்று தேடிக்கொண்டு போனேன். போன வழியில் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு மனநோய் மருத்துவமனைக்குள் போய் நின்றேன். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் சில கணக்குகளைத் தீர்த்துவிடலாம்.

முதலில் அந்தப் பத்துக்கு ஒன்பது. இது 1970களில் கிட்டத்தட்டத் தாளின் ஓரத்தில் போட்ட ஒரு குத்துமதிப்பு. யாரும் சரிபார்க்காமல் நாற்பது ஆண்டுகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்தார்கள் (இது இலக்கிய விமர்சனத்தில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்). 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மீலோ குழுவினர் திரும்பக் கணக்கிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் மனித செல்கள் ஏறக்குறைய 30 லட்சம் கோடி. பாக்டீரியா 38 லட்சம் கோடி. அந்த பாக்டீரியா மொத்தத்தின் எடை 200 கிராம். ஏறத்தாழ சரிக்குச் சரி. ஒருமுறை வெளிக்குப் போய்வந்தால் பெரும்பான்மை கைமாறிவிடலாம் என்று அவர்களே குறிப்பிடுகிறார்கள். 'நாங்கள்' என்று எழுதப்போகிற நண்பர் காலையில் எழுதுகிறாரா மாலையில் எழுதுகிறாரா என்பதும் பிரச்சினையாகிவிடும் போலிருக்கிறது.

கணக்கு தப்பு என்பதால் விஷயம் தப்பு என்றாகிவிடாது. உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன, அவை அசாதாரணமானவையும்கூட. 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுடோ குழுவினர், கருவிலிருந்தே ஒரு நுண்ணுயிர்கூடப் படாமல் வளர்க்கப்பட்ட எலிகளை அசையவிடாமல் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன்கள் மிகையாகச் சுரந்தன. ஒரு வகை பிஃபிடோபாக்டீரியத்தைக் குடலில் குடியேற்றியதும் இது தணிந்தது. சாதாரண எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தபோதோ இளம் பருவத்தில் கொடுத்தவற்றில் மட்டுமே ஓரளவு திருத்தம் தெரிந்தது. வளர்ந்துவிட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பலனில்லை. அதாவது குடலுக்கும் மூளைக்குமான உறவில் பருவம் என்றொரு சங்கதி இருக்கிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிக்கொள்பவை; பிறகு தாய்ப்பால். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரைகள் ஏராளமாக இருக்கின்றன. அவை குழந்தைக்கான உணவல்ல, குழந்தையின் குடலில் குடியேறும் பாக்டீரியாவுக்கான உணவு. தாய் ஊட்டுவது ஒரு பிள்ளைக்கு மட்டுமல்ல என்பது எந்தத் தாலாட்டிலும் வராத செய்தி. முதுமையின் பக்கம் போனால், பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குக் கைநடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகிறது. 2021இல் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் இளம் எலிகளின் மலத்தைக் கிழட்டு எலிகளின் குடலுக்கு மாற்றினார்கள். மூளையில் முதுமையோடு வந்த மாற்றங்கள் சில பின்வாங்கின. எப்படி இதெல்லாம் என்றால் பல வழிகளைச் சொல்கிறார்கள்: குடலிலிருந்து மூளைத்தண்டுவரை ஓடும் வேகஸ் நரம்பு, நார்ச்சத்தை பாக்டீரியா நொதிக்கச் செய்வதால் உண்டாகும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள், நோயெதிர்ப்பு மண்டலம் அனுப்பும் சமிக்ஞைகள். இவற்றில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை எங்கே தொடங்குகிறதென்றால், எலியிலிருந்து மனிதருக்குத் தாவும் இடத்தில். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2011ஆம் ஆண்டு ஆய்வொன்றை எடுத்துக்கொள்வோம். ஹாவியர் பிராவோ உள்ளிட்ட குழுவினர் செய்தது. ஜேபி-1 என்ற லாக்டோபாசில்லஸ் வகையை எலிகளுக்கு ஊட்டினார்கள். அவற்றின் 'மனச்சோர்வு' குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளில் இந்தப் பலன் தெரியவில்லை. நேர்த்தியான ஆய்வுதான். ஆனால் எலியின் மனச்சோர்வை எப்படி அளந்தார்கள்? தண்ணீர் நிரம்பிய உருளையொன்றில் எலியைப் போடுகிறார்கள். ஏறித் தப்பிக்க முடியாது. எலி கொஞ்ச நேரம் நீந்தித் தவிக்கிறது, பிறகு அசையாமல் மிதக்கிறது. சீக்கிரம் மிதந்துவிட்டால் அது நம்பிக்கையிழந்த எலி. நெடுநேரம் தவித்தால் மனவளம் உள்ள எலி. 1977இலிருந்து மனச்சோர்வு மருந்துகளுக்கெல்லாம் இதுதான் பரீட்சை. நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியேற வழியே இல்லாத பாத்திரத்தில் சக்தியை விரயம் செய்யாமல் மிதப்பது சோர்வா, சாமர்த்தியமா? மிதக்கிற எலி நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டது என்று வாசிப்பதற்கு என்ன தடை? (விஞ்ஞானிகளிலேயே சிலர் அப்படி வாசிக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.) நம் கேள்வி இன்னும் எளிமையானது: உருளையைப் பற்றி யாரும் பேசவில்லையே, ஏன்? எலியைத் தண்ணீரில் போட்ட கை அந்த வாக்கியத்தில் எங்கே போயிற்று?

அதே ஜேபி-1ஐ ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பதற்றத்திலோ மனநிலையிலோ நினைவாற்றலிலோ, வெறும் மருந்துபோலக் கொடுத்த போலி மாத்திரையைவிட எந்த வித்தியாசமும் இல்லை. அந்த எலி ஆய்வைச் செய்தவர்கள் சிலரும் இதில் இருந்தார்கள், மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு வணக்கம். ஆனால் எலி நீந்திய செய்தி போன தூரத்துக்கு இந்தச் செய்தி போகவில்லை. 2020இல் ஜென்ஸ் வால்ட்டர் முதலானோர் ஒரு கணக்கெடுப்புச் செய்தார்கள். நோயாளிகளின் மலத்தை எலிகளுக்கு மாற்றி 'நோயும் மாறிற்றா' என்று பார்த்த 38 ஆய்வுகளில் 36 ஆய்வுகள் 'மாறிற்று' என்றே சொல்லியிருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. எந்தத் துறையிலாவது இயற்கை இவ்வளவு ஒத்துழைக்குமா என்று அவர்களே கேட்கிறார்கள். செரடோனின் கதையும் இப்படித்தான். 'மகிழ்ச்சிக்கான ரசாயனத்தில் தொண்ணூறு சதத்துக்கு மேல் குடலில்தான் உற்பத்தியாகிறது' என்பார்கள். உண்மை. ஆனால் குடலில் சுரக்கும் செரடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. நடுவே தடுப்பு இருக்கிறது. மூளை தன் பங்கைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொன்னால் வியாபாரம் நடக்கும்.

இனி ட்ரென்டன். அதற்குப் பாரிஸ் வழியாகத்தான் போகவேண்டும். ரத்தத்தில் கிருமிகளை விழுங்கும் செல்களைக் கண்டறிந்ததற்காக 1908இல் பால் எர்லிஹுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இலியா மெச்னிகாஃப். உக்ரைனின் கார்கிவ் பகுதியில் பிறந்து பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வேலைபார்த்தவர். முதுமை இயற்கையானதல்ல, பெருங்குடலில் அழுகிக் கிடக்கும் பொருளிலிருந்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் விஷமே முதுமைக்குக் காரணம் என்றார் அவர். பெருங்குடலே மனிதனுக்குத் தேவையில்லாத உறுப்பு என்று கருதினார். மாற்றாக, பல்கேரிய விவசாயிகள் குடித்த புளித்த பாலைச் சிபாரிசு செய்தார். தானும் தினம் குடித்தார். 1916இல் 71 வயதில் இறந்தார். இந்தக் கருத்தை அவர் விரித்து எழுதிய 1907ஆம் ஆண்டு நூலுக்கு நம்பிக்கைவாதக் கட்டுரைகள் என்று பொருள்படும் பெயர் வைத்தார். இளமையில் இரண்டு முறை தற்கொலைக்கு முயன்றவர் அவர் என்பதை அறிந்தபின் அந்தத் தலைப்பை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. இன்றைக்குப் புட்டியில் அடைத்துவரும் நல்ல பாக்டீரியாவெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள்தான்.

தேவையில்லாத உறுப்பு என்று ஒருவர் எழுதினால் கத்தியை எடுக்க இன்னொருவர் வராமலிருப்பாரா? லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலை வெட்டியெடுக்கத் தொடங்கினார். பெர்னாட் ஷா 1906இல் மேடையேறிய 'டாக்டரின் தர்மசங்கடம்' நாடகத்தில், இல்லாத ஒரு பையை எல்லார் உடம்பிலிருந்தும் வெட்டியெடுக்கும் மருத்துவரைப் படைத்துக் கிண்டலடித்தார். ஜனங்கள் சிரித்தார்கள். கத்தி நிற்கவில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்ரென்டன் அரசு மனநோய் மருத்துவமனைக்கு 1907இல் கண்காணிப்பாளராக வந்தார் ஹென்றி காட்டன். அன்றைய அமெரிக்க மனநல மருத்துவத்தின் தலைமகனான அடால்ஃப் மேயரின் சீடர். கெட்டவராக வரவில்லை, இது முக்கியம். வந்தவுடன் நோயாளிகளைக் கட்டிப்போடும் கருவிகளை ஒழித்தார். பைத்தியம் பரம்பரைக் குறை என்று சொல்லிக் கருத்தடைச் சட்டங்கள் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. காட்டன் இல்லை என்றார். மனநோய் ரத்தத்தில் வருவதல்ல, உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் பாக்டீரியாவின் விஷம் மூளைக்கு ஏறுவதால் வருவது. ஆகவே குணப்படுத்தக்கூடியது என்றார். அன்றைய முற்போக்காளர்கள் வேறு யார் பக்கம் நின்றிருப்பார்கள்? நானாக இருந்தாலும் காட்டன் பக்கம்தான்.

பல்லில் தொடங்கினார். பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கினார்கள். குணமாகாதவர்களுக்கு டான்சில். அப்புறமும் குணமாகவில்லையென்றால் விஷம் இன்னும் கீழே இருக்கிறது என்று பொருள்: பித்தப்பை, மண்ணீரல், கருப்பைவாய், சினைப்பை, விரை, கடைசியில் பெருங்குடல். இந்தத் தர்க்கத்தின் அமைப்பைக் கவனியுங்கள். சிகிச்சை தோற்றால் கோட்பாடு தோற்பதில்லை, உடம்பில் இன்னொரு உறுப்பு குற்றவாளியாகிறது. 85 சதவீதம் பேர் குணமடைகிறார்கள் என்று அறிவித்தார். 1921இல் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள் நூலாக வந்தன. அதன் தலைப்பில் குறைபாடுள்ள குற்றவாளியும் பைத்தியமும் அருகருகே நின்றார்கள். பாக்டீரியாவைத் தேடி வந்த கத்தி ஒழுக்கத்தையும் சேர்த்துத் திருத்த வந்துவிட்டது. வரமாட்டேன் என்று எதிர்த்துக் கூச்சலிட்டவர்களையும் மேசைக்கு இழுத்துப்போனார்கள். பெருங்குடல் அறுவையில் மூவரில் ஒருவர் அளவுக்கு இறந்ததைக் காட்டனே ஒப்புக்கொண்டிருந்தார். மேயர் தன் உதவியாளர் ஃபில்லிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவரை 1924இல் விசாரிக்க அனுப்பினார். அவர் மாதக்கணக்கில் ஒவ்வொரு நோயாளியின் கோப்பாகப் பார்த்து, சாவு விகிதம் 45 சதவீதத்தை நெருங்குகிறது, அதிகம் சிகிச்சை பெற்றவர்கள்தான் அதிகம் சீரழிந்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். மேயர் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. காட்டன் 1930வரை பதவியில் இருந்தார், 1933இல் இறந்தார். மேயர் எழுதிய இரங்கலுரை பாராட்டுரையாகவே இருந்தது. இதையெல்லாம் ஆவணங்களிலிருந்து தோண்டியெடுத்தவர் ஆண்ட்ரூ ஸ்கல். அவருடைய நூல் 2005இல் வந்தது. காட்டன் தன் மனைவி மக்களின் பற்களையும் தன் பற்களையும்கூடப் பிடுங்கவைத்தவர் என்பதையும் அதில்தான் படித்தேன். பித்தலாட்டக்காரராக இருந்திருந்தால் தேவலாம், மனுஷன் நம்பியிருக்கிறார்.

நண்பர்களோடு நான் வேறுபடுவது இங்கேதான். தன்னாட்சி உடைய மனம் என்ற ஐதீகத்தைக் கலைத்துவிட்டால் அதிகாரம் கலகலத்துப்போகும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. அதை நானும் பரப்பியிருக்கிறேன். காட்டனைவிட அந்த மனத்தை முழுமையாகக் கலைத்தவர் யார்? மனநோய்க்கு மனத்தில் வேர் இல்லை, எல்லாம் உடம்பும் நுண்ணுயிரும்தான் என்று சொன்னவர் அவர். 'நான் வேண்டாம் என்கிறேன்' என்று மேசைக்கு முன்னால் ஒரு பெண் கத்தினால், அந்த 'நான்' அவளுடையதே அல்ல, குடலில் இருக்கும் விஷம் பேசுகிறது என்று சொல்லிவிடலாம். மறுக்கிற தன்னிலையைக் கலைத்துவிட்ட பிறகு மறுப்புக்கு என்ன மரியாதை? நம் கவிஞர் நண்பர் டீக்கடையில் சொன்ன அதே வாக்கியம் ட்ரென்டனில் கையில் கத்தியோடு நின்றது. சிதறுண்ட தன்னிலை என்பதைப் படித்தவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது அது விடுதலையாகத் தோன்றலாம். வார்டில் படுத்திருப்பவளைப் பற்றி இன்னொருவன் சொல்லும்போது அது என்னவாகத் தோன்றும்?

இப்போது யாரும் குடலை வெட்டுவதில்லை என்பீர்கள். சரிதான். சந்தை வந்துவிட்டபோது கத்தி எதற்கு? மனநலத்துக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவுக்கு 2013இல் 'சைக்கோபயோடிக்' என்று பெயர் சூட்டினார்கள் டெட் டினன், கேத்தரின் ஸ்டாண்டன், ஜான் கிரையன் என்ற மூவர். பெயர் வந்ததும் மாத்திரை வந்துவிடுகிறது. வேலையிடத்தில் பன்னிரண்டு மணிநேரம், வீட்டில் கடன், இரவில் தூக்கமில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உன் குடல் சரியில்லை, இந்தப் புட்டியைக் குடி. எலியை உருளைக்குள் போட்ட கை மீண்டும் வாக்கியத்திலிருந்து கழன்றுகொள்கிறது. தமிழில் இது நடக்கும் விதம் இன்னும் சுவாரசியம். 'கிருமி' என்பது நமக்குச் சோப்பு விளம்பரமும் சுகாதாரப் பிரச்சாரமும் சேர்ந்து கொடுத்த சொல். அதற்குள் அருவருப்பு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது. 'நல்ல கிருமி' என்று சொல்லிப்பாருங்கள், நாக்கு ஒப்பாது. அதனால் நல்லதாகும்போது அது 'பாக்டீரியா' ஆகிவிடுகிறது. கெட்டதாக இருக்கும்வரை கிருமி. குடலுக்குள் நல்லவர்களை அதிகரிக்கச் செய்து கெட்டவர்களை ஒடுக்குவது என்ற இந்தப் பேச்சை, 'நல்ல குடும்பம்', 'நல்ல ஏரியா' என்ற சொற்களுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று தெரிந்த யாரும் அப்பாவித்தனமாகக் கேட்க முடியாது. ஆய்வாளர்களைக் கேட்டால் ஒரே பாக்டீரியா ஓரிடத்தில் உதவும், இன்னோரிடத்தில் கெடுக்கும், எல்லாம் சூழலைப் பொறுத்தது என்கிறார்கள். விளம்பரத்தில் சூழலுக்கு இடமில்லை.

எழுவாயும் செயப்படுபொருளும் இடம்மாறிக் கிடந்ததற்கு மிகத் துலக்கமான உதாரணம் ஆட்டிசம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் வேறுபட்டிருக்கின்றன என்று பல ஆய்வுகள் கூறிவந்தன. 2019இல் கலிஃபோர்னியாவில் அத்தகையவர்களின் மலத்தை எலிகளுக்கு மாற்றி, அவற்றின் குட்டிகளில் நடத்தை மாற்றங்கள் தெரிவதாகச் செய்தி வந்தது. பெற்றோர்களின் தவிப்பு நாம் அறிந்ததுதான். இந்தச் செய்தி அவர்களிடம் எந்த வேகத்தில் போயிருக்கும் என்று யோசியுங்கள். மலமாற்று சிகிச்சை என்று கடைவிரித்தவர்களும் உண்டு. 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ஆட்டிசத்துக்கும் நுண்ணுயிர்களுக்குமான நேரடித் தொடர்பு மிகச் சொற்பம் என்றது. அக்குழந்தைகளில் பலர் சில வகை உணவை மட்டுமே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். உணவு வகை குறைவதால் குடல் நுண்ணுயிர் வகையும் குறைகிறது. குடல் நடத்தையை உண்டாக்கவில்லை. நடத்தை குடலை உண்டாக்குகிறது. வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்தார்கள், அவ்வளவுதான். இதற்கு மூன்றாவது வாசிப்பும் உண்டு: ஒரு குழந்தை வேறுமாதிரி இருப்பதை முதலில் அழுகலாகவும் விஷமாகவும் பார்க்கச் சொன்னது எது? ட்ரென்டனின் சுவர்கள் முழுதாக இடிந்துவிடவில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் குடல் ஆய்வுகளை நிராகரிக்கிறேனா? இல்லை. டாக்காவில் நடந்த ஒன்றுதான் என்னை நிராகரிக்க விடவில்லை. செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கோர்டனும் வங்கதேசத்தின் சர்வதேச வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தைச் சேர்ந்த தஹ்மீத் அகமதும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து செய்துவருவது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் வயதுக்கேற்ப வளராமல் நின்றுவிடுகின்றன, வழக்கமான சத்துணவு கொடுத்தாலும் சீர்ப்பட்டதுபோலிருந்து பின்னுக்குப் போய்விடுகின்றன என்று 2014இல் காட்டினார்கள். பிறகு அந்த நுண்ணுயிர்களுக்கென்றே ஓர் உணவுக் கலவையைத் தயாரித்தார்கள். கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை மாவு, வாழைக்காய். 2021இல் மிர்பூர் சேரிக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த முடிவு வந்தது. ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட நூற்றுச் சொச்சம் குழந்தைகள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த, கூடுதல் கலோரி கொண்ட உணவைவிட இந்தக் கலவை உயரத்துக்கேற்ற எடையைக் கூட்டிற்று. ரத்தத்தில் எலும்பு வளர்ச்சியோடும் நரம்பு வளர்ச்சியோடும் தொடர்புடைய புரதங்களும் கூடின. குடலும் மூளையும் பற்றிய பேச்சில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் படிக்கவில்லை.

ஏனென்றால் இங்கே குடலுக்கு முன்னால் ஒரு எழுவாய் இருக்கிறது. அதன் பெயர் பசி. அந்தக் குழந்தையின் குடல் தானாக முதிராமல் போகவில்லை, முதிரவிடாமல் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆய்விலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 'முதிர்ச்சியற்ற நுண்ணுயிர்த் தொகுதி' என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது குறைபாடு குழந்தையின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, சேரி ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஆனால் கொடுத்தது கடலையும் வாழைக்காயும். அது சந்தையில் கிடைக்கும் பொருள். ஏன் அந்த அம்மாவால் வாங்க முடியவில்லை என்ற கேள்வியை அது வாசகர் முன் விட்டுவைக்கிறது. புட்டி அந்தக் கேள்வியை விட்டுவைப்பதில்லை.

நம்மூரில் இந்தப் பேச்சு பழைய சோறாக வந்திறங்கியிருக்கிறது. நீரூற்றி வைத்த சோறு இரவில் நொதிக்கிறது, லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது. ஆகவே 'நம் முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்த புரோபயோடிக்' என்கிறார்கள். நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் சின்ன வெங்காயத்தோடு பரிமாறுகிறார்கள். யார் முன்னோர்? விடியற்காலையில் நாற்றுப் பறிக்கப் போன பண்ணையாளுக்கு அடுப்பு மூட்ட நேரமும் விறகும் இல்லாததால் அது பழைய சோறு. அவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அவர்களுக்கு அது மிஞ்சியது. நொதித்தது உண்மை, பாக்டீரியா உண்மை; பெருமைப்படும் வாக்கியத்தின் எழுவாய் மட்டும் திருட்டு.

கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள்: தமிழில் வயித்தெரிச்சல் என்கிறோம், பெத்த வயிறு பத்தி எரியுது என்கிறோம், ஆகவே குடல்தான் மனம் என்பது தமிழனுக்கு முன்பே தெரியும் என்று. மரபுத்தொடரை வைத்து நரம்பியல் பேசுவது வேடிக்கை. ஆனாலும் அந்தத் தொடர்களை ஒழுங்காக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. 'வயித்துல புளியைக் கரைக்குது' என்று எப்போது சொல்கிறோம்? வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது, பிள்ளை பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாதபோது, போலீஸ் ஜீப் தெருவுக்குள் நுழையும்போது. கரைப்பவன் வெளியே இருக்கிறான். வயிறு அங்கே ஏழாம் வேற்றுமை, இடம் மட்டுமே.

இதையெல்லாம் கவிஞர் நண்பரிடம் வாய்மொழியாகச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காட்டன் பண்ண தப்புக்குப் பாக்டீரியா என்ன பண்ணும் தோழர்? அப்படிப் பாத்தா நீங்க திரும்பவும் பழைய மனிதாபிமான 'நானு'க்கே போறீங்க" என்றார். குற்றச்சாட்டு லேசானதல்ல. ட்ரென்டனில் வேண்டாம் என்று கத்தியவளின் 'நானை'க் காப்பாற்றப் போய் நாம் கலைத்த பழைய பீடத்தையே திரும்பக் கட்டுகிறேனா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் மறுப்பு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 'நாங்கள்' என்று தொடங்கித்தான் எழுதுவாராம்.